தூசி போவது நுரையீரலுக்குத்தானே, மாரடைப்பு எப்படி வந்தது?

"அப்பாவுக்கு 61 வயது. பீடி, சிகரெட் தொட்டதில்லை. வடசென்னையில் மணலி பக்கம், லாரி ஓயாத சாலையை ஒட்டி வீடு. போன மாதம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பிபி, லேசான சுகர் இரண்டையும் சொல்லிவிட்டு, நீங்கள் இருக்கும் இடத்துக் காற்றும் ஒரு காரணம்தான் என்றார் டாக்டர். தூசி போவது நுரையீரலுக்கு. இதயத்துக்கு அதில் என்ன வேலை? என் மகனுக்கு 7 வயது, அடிக்கடி வீசிங். வீட்டை மாற்றிவிட வேண்டுமா?"

இதுதான் கேள்வி. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பதினெட்டு வருஷம் மொட்டை மாடிகளில் கருவி வைத்துக் காற்று மாதிரி எடுத்தவன். வடிதாளை எடை போட்டு, அந்தக் கணக்கை மருத்துவ ஆய்வாளர்களிடம் கொடுப்பது என் வேலையாக இருந்தது. அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி, படித்துப் படித்து மீதியைத் தெரிந்துகொண்டேன். அப்பாவின் மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

டாக்டர் சும்மா சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் வெளிக்காற்று மாசால் உலகம் முழுக்க சுமார் 42 லட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறந்தார்கள். அதில் 68 சதவீதம் மாரடைப்பு வகை இதய நோயும் பக்கவாதமும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் 14 சதவீதம், நிமோனியா போன்ற சுவாசத் தொற்றுகள் 14, நுரையீரல் புற்றுநோய் 4. ஆக, தூசி நுழைகிற வாசல் நுரையீரல். அதிகம் பேரைக் கொல்வது இதயத்தின் வழியாக, ரத்தக் குழாயின் வழியாக.

எப்படி என்று சொல்வதற்கு முன்னால் என் வடிதாளைக் காட்டுகிறேன்.

நாம் கண்ணால் பார்க்கிற தூசி, ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் ஒட்டுகிறதே அது, பெரும்பாலும் பெரிய துகள். மூக்கு முடியும் தொண்டைச் சளியும் அதில் பெரும்பங்கைப் பிடித்துவிடும். தும்முவோம், காறித் துப்புவோம், முடிந்தது. ஆபத்தானது பிஎம் 2.5 என்கிற நுண்துகள். இரண்டரை மைக்ரானோ அதற்குக் குறைவோ இருக்கும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் கரி, நிலக்கரி எரித்த சாம்பலின் மிக நுண்ணிய பகுதி, குப்பை எரித்த புகை, அப்புறம் சிம்னியிலிருந்து வாயுவாகக் கிளம்பிக் காற்றில் போகப் போகத் துகளாக மாறும் சல்பேட், நைட்ரேட் உப்புகள், எல்லாம் சேர்ந்த கலவை அது. சென்னையில் அதோடு கொஞ்சம் கடல் உப்பும் சேரும்.

இதைப் பிடிக்கிற வடிதாள் 47 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வெள்ளை வட்டம். கையால் தொடக்கூடாது, விரல் ரேகை பட்டாலே எடை கூடிவிடும். இடுக்கியால் எடுத்து, ஈரப்பதம் சீரான அறையில் ஒரு நாள் வைத்து, மைக்ரோ தராசில் எடை போட வேண்டும். அந்த அறைக் கதவை யாராவது திறந்தால் தராசின் கடைசி எண்கள் ஆடும். நாங்கள் மூச்சைக் கூட மெதுவாகத்தான் விடுவோம். அப்புறம் மாடிக்குக் கொண்டுபோய்க் கருவியில் பொருத்தினால் நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை அது இழுக்கும். 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர். நடுவில் கரண்ட் போனால் அன்றைய கூலி வீண்.

மறுநாள் எடுக்கும்போது தாள் சாம்பல் நிறத்தில் இருக்கும். போகி மறுநாள் எடுத்த தாள் ஒன்று, தோசைக்கல் அடியைத் துடைத்த துணி போல இருந்தது. (2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம்.)

இப்போது கணக்கு. காற்றில் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று வைப்போம். இந்தியாவில் ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட அளவே அதுதான். நாம் ஒரு நாளைக்கு உள்ளே இழுப்பது ஏறக்குறைய 12 கன மீட்டர். பெருக்கினால் முக்கால் மில்லிகிராம் கூட வராது. பொடி உப்பில் பத்துப் பன்னிரண்டு பரல் எடை. அதிலும் ஒரு பகுதி மூச்சோடு வெளியே போய்விடும்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இதுதான் புரியவில்லை. இத்தனூண்டு பொடி ஒரு மனுஷனை எப்படிச் சாய்க்கும்? சிகரெட்டோடு ஒப்பிட்டால் புதிர் இன்னும் பெரிதாகும். ஒரே ஒரு சிகரெட்டிலிருந்து உள்ளே போகும் துகள் பத்து மில்லிகிராமுக்கு மேல். எடையை மட்டும் பார்த்தால் நகரக் காற்றைச் சிகரெட்டின் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாது.

இந்தப் புதிரை அவிழ்த்ததில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பேராசிரியர் ஆர்டன் போப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால் அவர் மருத்துவர் இல்லை, பொருளாதாரம் படித்தவர். சிகரெட் பிடிப்பவர்கள், அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பவர்கள், நகரக் காற்றைச் சுவாசிப்பவர்கள், மூவரையும் அவரும் சக ஆய்வாளர்களும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய்க் கோடு கிட்டத்தட்ட நேராக ஏறியது. புகை இரண்டு மடங்கானால் ஆபத்தும் அந்த விகிதத்தில் கூடும். இதய நோய்க் கோடு அப்படி இல்லை. தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறி, பிறகு வளைந்து படுத்துவிட்டது. பின்னால் 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வும் இதையே சொன்னது: தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுகிற இதய ஆபத்து, இருபது பிடிப்பவருக்குக் கூடுவதில் ஏறக்குறைய பாதி இருக்கும். இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி!

அதாவது, புற்றுநோய் எடை பார்த்துக் கணக்கு வைக்கிறது. இதயம் எடை பார்ப்பதில்லை. கொஞ்சம் போனாலே உடம்பு ஒரு அலாரம் அடிக்கிறது, கெடுதலில் பெரும்பங்கு அந்த அலாரத்தால்தான். உங்கள் கேள்விக்கான பதிலின் மையம் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நுரையீரலின் கடைசி முனையில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் எழுபது சதுர மீட்டர் வரும் என்பார்கள், இரண்டு படுக்கையறை வீட்டுப் பரப்பு. அந்த அறைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரான் கூடக் கனமில்லாதது. ஆக்சிஜன் சுலபமாகப் போய்வர வேண்டுமே, அதனால். நுண்துகள் அங்கே போய் உட்கார்ந்ததும் காவலுக்கு இருக்கும் வெள்ளை அணுக்கள் அதை விழுங்கப் பார்க்கும். கிருமியாக இருந்தால் செரித்துவிடலாம். கரியையும் உலோகத்தையும் எப்படிச் செரிப்பது? விழுங்கிய அணு திணறி, ஆள் கூப்பிடும் ரசாயனங்களை வெளியே விடும். அந்தச் சுவர் அவ்வளவு மெல்லியது என்பதால் அந்த ரசாயனங்கள் நுரையீரலோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்துவிடும். கல்லீரல் அதைப் பார்த்து, எங்கேயோ காயம் என்று நினைத்துக்கொண்டு, ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் செய்து அனுப்பும். தட்டணுக்கள் ஒட்டும் குணம் பெறும். நல்ல ரத்தக் குழாய் இருப்பவருக்கு இதெல்லாம் வந்து போய்விடும். உங்கள் அப்பாவைப் போல இதய ரத்தக் குழாயில் ஏற்கெனவே கொழுப்புத் திட்டு இருப்பவருக்கு, அந்தத் திட்டு வெடிக்கவும் அதன்மேல் ரத்தம் கட்டவும் தோதான நிலை இதுதான்.

இரண்டாவது வழி நரம்பு. இது நிமிடக் கணக்கில் நடப்பது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் எரிச்சலை உணரும் நரம்பு முனைகள் உண்டு. புகை பட்டால் அவை மூளைக்குச் சொல்ல, மூளை உடம்பைச் சண்டைக்குத் தயார் நிலையில் வைக்கும். ரத்தக் குழாய் சுருங்கும், பிபி ஏறும், நாடித் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் குறையும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பு மாரடைப்பு வந்து இப்போது நன்றாக இருக்கும் 20 ஆண்கள். ஒரு நாள் சுத்தமான காற்று, இன்னொரு நாள் நெரிசலான சாலையில் இருக்கும் அளவுக்கு நீர்த்த டீசல் புகை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், நடுநடுவே சைக்கிள் மிதிக்க வேண்டும். புகை நாளில் ஈசிஜியில் இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம் தெளிவாகக் கூடியது. ரத்தக் கட்டியைக் கரைக்க உடம்பு தானே விடும் பொருளும் குறைந்தது. அவர்களில் யாரும் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாமலே இது நடந்துகொண்டிருந்திருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது வழியைப் பல வருஷம் சந்தேகமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மிக மிக நுண்ணிய துகள்கள் அந்த மெல்லிய சுவரைத் தாண்டி நேரே ரத்தத்துக்குள்ளேயே போய்விடுமா? கரித்துகளை ரத்தத்தில் தேடிக் கண்டுபிடிப்பது லேசில்லை. அதே எடின்பரோ குழுவினர் 2017இல் ஒரு யுக்தி செய்தார்கள். கரிக்குப் பதிலாகத் தங்கம். உடம்பில் இயல்பாகத் தங்கம் கிடையாது, கொஞ்சம் இருந்தாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். தங்க நுண்துகளைத் தன்னார்வலர்கள் சுவாசித்தார்கள். ஒரு நாளைக்குள் பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் தங்கம் வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்தும் சிறுநீரில் இருந்தது. பக்கவாத ஆபத்து காரணமாகக் கழுத்து ரத்தக் குழாயில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த சிலருக்கும் முந்தின நாள் அதைச் சுவாசிக்கக் கொடுத்திருந்தார்கள். வெட்டி எடுத்த கொழுப்புத் திட்டைப் பார்த்தபோது தங்கம் அதற்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. எங்கே ஏற்கெனவே புண் இருக்கிறதோ அங்கேயே போய்ச் சேர்கிறது. இதை முதல்முறை படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ஆய்வகத்தில் நடப்பது ஊருக்குள்ளும் நடக்கிறதா?

எல்லோரும் 1952 லண்டன் புகைமூட்டத்தைச் சொல்வார்கள். ஐந்து நாளில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், உண்மைதான். ஆனால் அதைக் கேட்டால் நமக்கு என்ன தோன்றும்? அவ்வளவு புகை இருந்தால்தான் ஆபத்து, நம் ஊரில் அப்படி இல்லையே என்று தோன்றும். அதனால் நான் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் நடத்திய ஆறு நகர ஆய்வைத்தான் சொல்வேன். 8,111 பேரைப் பதினான்கு, பதினாறு வருஷம் பின்தொடர்ந்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். சிகரெட், வயது, எடை, படிப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபிறகும், ஆறில் மாசு மிகுந்த ஸ்டூபன்வில் ஊரில் இறப்பு விகிதம், மாசு குறைந்த போர்டேஜ் ஊரை விட 26 சதவீதம் அதிகம்.

அந்த மாசு மிகுந்த ஸ்டூபன்வில்லின் பிஎம் 2.5 எவ்வளவு தெரியுமா? ஆண்டு சராசரி 30 மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்தியாவில் 2009 முதல் இருக்கும் ஆண்டு வரம்பு 40. அங்கே மோசம் என்று பேரெடுத்த ஊர் இங்கே பரீட்சையில் பாஸ். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய ஆண்டு வரம்பு 5, ஒரு நாளைக்கு 15. போனில் காற்றுத் தரக் குறியீடு 90 என்று பச்சையாகக் காட்டி "திருப்திகரம்" என்று சொன்னால், அது நமது வரம்புப்படி திருப்திகரம், அவ்வளவுதான். அந்த எண்ணை மைக்ரோகிராம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பலர் குழம்புவது அங்கேதான். குறியீட்டில் 100 என்றால் பிஎம் 2.5 அளவு 60 மைக்ரோகிராம்.

இன்னொரு கதை, எனக்கு மிகவும் பிடித்தது, வடிதாள் சம்பந்தப்பட்டது என்பதால். மேலே சொன்ன போப் இருந்த யூட்டா பள்ளத்தாக்கில் ஜெனீவா என்றொரு உருக்காலை இருந்தது. அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் மத நம்பிக்கை காரணமாகச் சிகரெட் தொடாதவர்கள். 1986 ஆகஸ்டில் தொழிலாளர் பிரச்சினையால் ஆலை மூடியது, 1987 செப்டம்பரில் மறுபடி திறந்தது. பதின்மூன்று மாதம். போப் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமாவுக்காகச் சேர்க்கப்பட்ட சின்னக் குழந்தைகள், மூடியிருந்த குளிர்காலத்தை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆலைத் தரப்பு சும்மா இருக்குமா? வைரஸ் காய்ச்சல் வந்த வருஷம் அது இது என்று வாதம் நடந்தது. ஆனால் அந்தக் காலத்து வடிதாள்களை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். பல வருஷம் கழித்து அந்தத் தாள்களில் இருந்த தூசியின் சாரத்தை எடுத்து, தன்னார்வலர்களின் நுரையீரலுக்குள் மிகச் சிறிய அளவில் செலுத்திப் பார்த்தார்கள். ஆலை ஓடிய வருஷத்துத் தூசி அழற்சியை உண்டாக்கியது. மூடியிருந்த வருஷத்துத் தூசி அந்த அளவுக்கு உண்டாக்கவில்லை. இத்தனைக்கும் அளவு ஒன்றுதான். ஓடிய வருஷத்துத் தூசியில் இரும்பு, செம்பு, துத்தநாகம் அதிகம். பழைய வடிதாளை எடை போட்டு முடிந்ததும் எறியச் சொல்லும் மேலதிகாரிகளிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

எல்லா ஆய்வும் இப்படி நேர்த்தியாக வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் டப்ளினில் 1990இல் புகை கக்கும் நிலக்கரி விற்பனையைத் தடை செய்தார்கள். இதய இறப்பும் சுவாச நோய் இறப்பும் பளிச்சென்று குறைந்ததாக 2002இல் கட்டுரை வந்தது. பிறகு திரும்பக் கணக்குப் போட்டபோது, இதய இறப்பு அந்தக் காலத்தில் நாடு முழுக்கவே குறைந்துகொண்டிருந்தது தெரிந்தது. தடைக்குச் சேர வேண்டிய பெருமை சுவாச நோயில் மட்டும் மிஞ்சியது. தப்பை அவர்களே திருத்தி வெளியிட்டார்கள். இந்தத் துறையை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு மாரடைப்பு வந்தது காற்றால்தான் என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. நீண்ட காலச் சராசரியில் பிஎம் 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் இறப்பு ஆபத்து சுமார் 8 சதவீதம் கூடுகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு. ஒரு ஆளுக்கு அது சின்ன எண். சிகரெட், கட்டுப்பாடில்லாத பிபி, சுகர் எல்லாம் அதை விடப் பெரிய வில்லன்கள். ஆனால் பிபி சிலருக்குத்தான், காற்று ஊர் முழுவதற்கும். தவிர, பிபியை ஏற்றுவதில் காற்றுக்கும் பங்கு உண்டு என்பதால் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட முடியாது. மாத்திரையை ஒரு நாளும் விடாமல் போடுவதுதான் அவருக்கு இப்போது முதல் பாதுகாப்பு, காற்றெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 691 பேரிடம், வலி வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மணிக்கணக்காகக் கேட்டுக் குறித்திருக்கிறார்கள். போக்குவரத்துக்கு நடுவே இருந்துவிட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. கார், பஸ், சைக்கிள் எதில் போனவர்களுக்கும் அப்படித்தான். புகையோடு சத்தம், பதற்றம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும், பிரிக்க முடியாது. எப்படியானாலும் நெரிசலில் வண்டியோட்டுவதை அவர் குறைத்துக்கொள்வது நல்லது.

நடைப்பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கு அதனால் வரும் நன்மை பெரியது. நேரத்தையும் வழியையும் மாற்றுங்கள். அதிகாலைக் காற்று சுத்தம் என்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன நம்பிக்கை. மார்கழி, தை மாதங்களில் என் வடிதாள்களும் மணிக்கணக்குக் கருவிகளும் நேர்மாறாகத்தான் சொல்லின. இரவில் தரை குளிர்ந்து, அதன்மேல் சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். ராத்திரி முழுக்க ஓடிய லாரிப் புகை அதற்குக் கீழேயே தேங்கிக் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். எனவே குளிர்மாதங்களில் ஐந்து மணிக்கு மெயின் ரோட்டில் நடப்பதை விட எட்டு மணிக்கு உள்தெருவில் நடப்பது மேல். மற்ற மாதங்களில் சாயங்காலக் கடற்காற்றில் நடக்கலாம். ஆனால் ஆலைகள் நிறைந்த மணலி என்பதால் ஒரு எச்சரிக்கை: காற்று வரும் திசையில் சிம்னி நின்றால் கடற்காற்று சிம்னிப் புகையையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். ஒரு வாரம் கவனித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாஸ்க் பற்றி. துணி மாஸ்க்கும் பச்சை நிற ஆஸ்பத்திரி மாஸ்க்கும் இதற்குப் பிரயோஜனமில்லை, ஓரங்களில் காற்று தாராளமாகப் போகும். முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 வகை வேண்டும். பெய்ஜிங்கில் இதய நோயாளிகள் 98 பேரை ஒரு நாள் அத்தகைய மாஸ்க்கோடும் ஒரு நாள் அது இல்லாமலும் நகரின் நடுவே நடக்கவிட்டுப் பார்த்தார்கள். மாஸ்க் போட்ட நாளில் பிபி சற்றுக் குறைவாக இருந்தது, ஈசிஜியில் அந்த ரத்தப் பற்றாக்குறை அடையாளமும் குறைந்தது. போகி, தீபாவளி, சாலையோரம் குப்பை எரியும் நாள், இவற்றுக்கு நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டுவதாகச் சொன்னால் வற்புறுத்த வேண்டாம்.

மகனுக்கு வருகிறேன். குழந்தையின் நுரையீரல் இன்னும் வளர்கிறது, அதனால் அங்கே கணக்கு வேறு. தென் கலிபோர்னியாவில் 12 ஊர்களில் பத்து வயதுப் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை, வருஷா வருஷம் கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். பிஎம் 2.5 மிக அதிகமான ஊரில் பதினெட்டு வயதில் நுரையீரல் திறன் இயல்பை விடக் குறைந்து நின்றவர்கள் 7.9 சதவீதம், மிகக் குறைவான ஊரில் 1.6 சதவீதம். அந்த வயதில் நுரையீரல் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடும், அப்புறம் விட்டதைப் பிடிப்பது கஷ்டம். நல்ல செய்தியும் அங்கிருந்தே வந்தது. சட்டம் போட்டு வண்டிப் புகையைக் குறைத்தபின் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் முந்தையவர்களுடையதை விடப் பெரிதாக வளர்ந்ததை 2015இல் காட்டினார்கள்.

பையனுக்கு டாக்டர் தினசரி இன்ஹேலர் எழுதியிருந்தால், இளைப்பு இல்லாத நாளிலும் கொடுங்கள். இன்ஹேலர் போட்டால் பழக்கமாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள்.

வீட்டுக்குள் பாருங்கள், இது உங்கள் கையில் இருப்பது. கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். அதை மூடின அறையில், குழந்தையின் கட்டிலுக்கடியில் வைக்கிறோம்! கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொன்னால் உங்கள் அம்மா என்னைத் திட்டுவார், எனவே ஜன்னலைத் திறந்து போடட்டும், பையனும் அப்பாவும் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும். தாளிக்கும்போது சமையலறை மின்விசிறி ஓடட்டும்.

விறகு அடுப்பு உங்கள் வீட்டில் இருக்காது, ஆனாலும் நம் ஊர் ஆய்வு என்பதால் ஒன்று சொல்கிறேன். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் நாகப்பட்டினம், விழுப்புரம் கிராமங்களிலும், அதே ஆய்வில் மற்ற நாட்டு ஆய்வாளர்கள் குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலுமாக மொத்தம் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு இலவச கேஸ் அடுப்பும் சிலிண்டரும். பழைய அடுப்பிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த பிஎம் 2.5 சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் அடுப்பு கிடைத்தவர்களுக்கு 24தான். ஆனால் 2022இல் வந்த முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் ஏமாற்றம். எனக்கு அதில் ஆச்சரியம் வரவில்லை. 24 என்பதே உலக சுகாதார நிறுவன வரம்பைப் போல ஐந்து மடங்கு. கோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறும் என்றேனே, பிறப்பு எடையிலும் அப்படித்தான் என்றால், மேட்டிலிருந்து கொஞ்சம் இறங்கியது போதவில்லை என்று நினைக்கிறேன். இது என் ஊகம், ஆய்வின் முடிவு இல்லை.

வீடு மாற்றுவது பற்றி. பணமும் வேலையும் பள்ளியும் இடம் கொடுத்தால் மாறுங்கள். முடியாவிட்டால் அதே வட்டாரத்திலேயே மெயின் ரோட்டை விட்டு முந்நூறு மீட்டர் உள்ளே போனாலும் பலன் உண்டு. மொத்த பிஎம் 2.5 அதிகம் குறையாது, அது ஊர் முழுக்கப் பரவியிருக்கும். டீசல் கரியும் மிக நுண்ணிய துகள்களும் சாலையை விட்டு விலக விலகச் சட்டென்று குறையும். அதுவும் முடியாது என்றால், சாலைப் பக்க அறையில் அப்பாவும் பையனும் தூங்க வேண்டாம், பின் அறைக்கு மாற்றுங்கள். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் நுண்துகளையும் பிடிக்கிற ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ளதாக, அந்த ஒரு அறையின் அளவுக்குப் போதுமானதாக வாங்குங்கள். அதன் வடிகட்டியை மூன்று மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் நான் மேலே சொன்ன சாம்பல் நிறம் என்ன நிறம் என்று தெரியும்.

கடைசியாக, இது காற்றைப் பற்றியது இல்லை. ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, இனி வராது என்று இருக்க வேண்டாம். நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, காரணமில்லாத வியர்வை, இதில் எது வந்தாலும் கேஸ் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, எந்த நேரம் எந்தத் தெருவில் நடக்கிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.